பழைய தாவோ தெய்வச் சுருள் ஓவியம்: பிரிப்பதில் இருந்து காட்சிக்கு வைப்பது வரை

கோயிலில் தொங்கிய பழைய சீனச் சுருள் கைக்கு வந்ததும் புதியவர்கள் செய்யும் முதல் வேலை, அதை மேசையில் விரித்துத் துடைக்கப் பார்ப்பது. இரண்டாவது, கிழிசலைப் பார்த்ததும் பசையைத் தேடுவது. இரண்டுமே செய்ய வேண்டிய வேலைகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் நாலைந்து வேலைகள் இருக்கின்றன. இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது தவறான மருந்தால் அல்ல, தவறான வரிசையால்.

சீனாவின் சிங் அரசமரபுக் காலத்தின் (1644–1912) பிற்பகுதியைச் சேர்ந்த, காகிதத்தில் வரைந்த ஜென்வூ படம் ஒன்றை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஜென்வூ, சீனாவின் தாவோ சமயத்தில் வடதிசையின் தெய்வம். கறுப்பு அங்கி, அவிழ்ந்த கூந்தல், வெறுங்கால், கையில் வாள், காலடியில் ஆமையும் பாம்பும். பட்டில் வரைந்த படத்துக்கு முறை மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

1 முதல் 4 வரையிலும் 9 முதல் கடைசி வரையிலும் உள்ள வேலைகளைச் சிறிய அருங்காட்சியகத்தில் கவனமாக வேலை பார்க்கும் எவரும் செய்யலாம். 5 முதல் 8 வரை பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரின் கைவேலை. அதைப் படித்துவிட்டு நீங்களே செய்ய வேண்டாம். வல்லுநரிடம் என்ன கேட்க வேண்டும், எங்கே 'நிறுத்துங்கள்' என்று சொல்ல வேண்டும் என்பது தெரிவதற்காகப் படியுங்கள்.

1. தொடுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

தாவோ தெய்வப் படங்களில் பெரும்பாலானவை சுவரை அழகுபடுத்த வரைந்தவை அல்ல. சடங்கு நாளில் தொங்கவிட்டு, முடிந்ததும் சுருட்டி வைப்பதற்கானவை. பல படங்களுக்கு முறைப்படி கண் திறந்திருப்பார்கள். கைகுவாங் எனப்படும் அந்தச் சடங்கு, நம் ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பதைப் போன்றது. தென்சீனாவிலும் லாவோஸ், வியட்நாம், தாய்லாந்து மலைப்பகுதிகளிலும் வாழும் யாவ் மக்களிடம், படம் கைமாறும் முன் அதிலுள்ள தெய்வங்களுக்கு விடை கொடுத்து அனுப்பும் வழக்கம் உண்டு.

ஆகவே படம் இன்னும் ஒரு கோயிலுக்கோ சடங்கு நடத்துபவரின் குடும்பத்துக்கோ உரியதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உரியது என்றால் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஊதுபத்திப் புகைக்கறையை எவ்வளவு தூரம் எடுக்கலாம்? முகத்தில் நிறம் போன இடத்தை நிரப்ப வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா? காட்சியின்போது படையல் உண்டா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் பழமும் பூவும் காட்சிக்கூடத்துக்குள் வந்தால் பூச்சியும் கூடவே வரும். படையலைத் தனி அறையில் வைக்கலாம் என்று ஆரம்பத்திலேயே பேசிவிட்டால் திறப்பு விழா அன்று மனக்கசப்பு வராது.

வாங்கிய படம் என்றால் ரசீது, ஏற்றுமதி ஆவணம், முந்தைய உடைமையாளர் விவரம் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் உழைத்த பிறகு, காட்சிக்கு வைக்கக் கூடாத பொருள் என்று தெரியவந்தால் யாருக்கும் லாபமில்லை.

2. தனிமைப்படுத்தல்

வந்த சுருளை மற்ற ஓவியங்கள் இருக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். தெளிவான பாலித்தீன் உறையில் போட்டு மூடி, அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மூன்று வாரமாவது தனியாக வையுங்கள். வெள்ளைத் தாள் எதற்கென்றால், பூச்சி உயிரோடு இருந்தால் அரைத்த தூள் அதில் புதிதாக விழும்.

சுருளைக் கட்டியிருக்கும் கோதுமைப் பசை ராமபாணப் பூச்சிக்கும் மற்ற புத்தகப் பூச்சிகளுக்கும் விருந்து. பூச்சி இருப்பது உறுதியானால், ஆக்சிஜனை வெளியேற்றிய உறையில் வைக்கும் முறைதான் இந்த வகைப் படத்துக்கு நல்லது. ஆக்சிஜன் 0.5 சதவீதத்துக்குக் கீழே, சுமார் 25 டிகிரி வெப்பத்தில் மூன்று, நான்கு வாரம். நிறம் உதிரும் படத்தை உறைகுளிரில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். பூச்சிமருந்து தெளிப்பதும் பூச்சி உருண்டை போடுவதும் வேண்டவே வேண்டாம்.

3. அறை, மேசை, கருவிகள்

சுருளின் உடலமைப்பு தெரிந்தால்தான் கருவிகள் எதற்கென்று புரியும். நடுவே ஓவியம். அதன் பின்புறத்தில் நேரடியாக ஒட்டியது முதல் தாள். சீனப் பட்டறைகளில் இதை உயிர்த்தாள் என்பார்கள். ஓவியத்தைச் சுற்றிப் பட்டு ஓரம். இவை அனைத்துக்கும் பின்னால் மேலிருந்து கீழ்வரை ஒரே பின்தாள். உச்சியில் மெல்லிய கம்பு, அதில் தொங்கவிடும் கயிறு. அடியில் கனமான உருளை, அதன் இரு முனையிலும் குமிழ். ஓவியத்தைத் தாங்கும் இந்தத் தாள், பட்டு, கம்பு, உருளை எல்லாம் சேர்ந்ததைத்தான் கட்டு என்கிறேன்.

அறையின் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 40க்குக் கீழே போனால் பசை இறுகி ஓரங்கள் சுருளும். 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். வெளியிலிருந்து வந்த பெட்டியைத் திறக்காமல் ஒருநாள் முழுதும் அதே அறையில் வைத்திருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இது.

மேசை, படத்தின் முழு நீளத்துக்கும் இடம் தர வேண்டும். அதன்மேல் சுத்தமான வழவழப்பான தாள். கம்பளி விரிப்பு வேண்டாம், உரிந்த நிறச் செதில் அதில் மாட்டிக்கொள்ளும். துணி தைத்த சிறு எடைப் பைகள், உருப்பெருக்கி, சாய்வாகப் பிடிக்க ஒரு விளக்கு, மென்மயிர்த் தூரிகை, ஒற்றுத்தாள், கேமரா, அளவுகோல். இந்தக் கட்டத்துக்கு இவை போதும்.

முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம். பருத்திக் கையுறையை விட்டுவிடுங்கள், அதன் இழை செதில்களை இழுக்கும். இந்தப் படங்களின் சிவப்பு பெரும்பாலும் சாதிலிங்கம், அதில் பாதரசம். வெள்ளை ஈயம். மஞ்சள் சில நேரம் அரிதாரம், அதில் ஆர்சனிக். சிங் காலத்தின் கடைசிப் படங்களில் பளீரென்ற பச்சை இருந்தால் அதிலும் ஆர்சனிக் இருக்கலாம்.

4. விரிப்பதும் பதிவு செய்வதும்

இரண்டு பேர் வேண்டும். படம் உட்பக்கமாகச் சுருண்டிருக்கும், மேல்பகுதி வெளியே இருக்கும். மேல்கம்பை ஒருவர் மேசையில் நிறுத்திப் பிடிக்க, மற்றவர் சுருளை ஒரு சாண் அளவு மட்டும் உருட்டட்டும். பிறகு நிறுத்திப் பாருங்கள். தாளில் நிறத்தூள் விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் அதற்குமேல் விரிக்காதீர்கள். அங்கிருந்தே 5ஆம் படிக்குப் போய், தெரியும் பகுதியில் வல்லுநர் நிறத்தைக் கட்டிய பிறகுதான் அடுத்த சாண். எடைப் பைகளைப் பட்டு ஓரத்தில் மட்டும் வையுங்கள், ஓவியத்தின் மேல் வைக்க வேண்டாம்.

விரிய மறுத்தால் வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். வெகுகாலம் சுருண்டே கிடந்த தாள், மடிப்பு மடிப்பாக முறியும்.

முழுதும் விரிந்த பிறகு முன்புறம், பின்புறம், சாய்வு ஒளி, ஊடொளி (பின்னாலிருந்து ஊடுருவி வரும் ஒளி), புற ஊதா என்று படம் எடுங்கள். சாய்வு ஒளியில் எழும்பி நிற்கும் செதில் தெரியும். ஊடொளியில் பழைய ஒட்டுகள் தெரியும். அகச்சிவப்புக் கேமரா கிடைத்தால் நிறத்துக்கு அடியில் உள்ள மைக்கோடுகளும் சில சமயம் வண்ணம் தீட்டுபவருக்கான குறிப்புகளும் தெரியும்.

பின்புறத்தைப் பாய்ந்து கடந்துவிடாதீர்கள். காணிக்கை கொடுத்தவர் பெயர், ஆண்டு, சடங்குத் தொகுதியில் இந்தப் படம் இடப்பக்கம் எத்தனையாவது என்ற எண், மந்திரக்குறி, எதுவும் இருக்கலாம். கிழிசலுக்கு யாரோ பழைய கணக்குத் தாளையோ சடங்கு நூலின் பக்கத்தையோ வைத்து ஒட்டியிருப்பார்கள். அதுவும் ஓவியத்தின் வரலாறுதான். பின்தாள் கழன்றால் இவை அனைத்தும் போய்விடும் என்பதால், இப்போது எடுக்கும் படம்தான் ஒரே சாட்சி.

கடைசியாக ஓவியத்தின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், நீளத்தை இரு ஓரத்திலும் மில்லிமீட்டரில் குறியுங்கள். ஈரத்தில் தாள் விரியும். புதிதாகக் கட்டி இழுத்துக் காயவைத்த படம் பழைய அளவுக்குத் திரும்பியதா என்று பார்க்க வேறு வழியில்லை.

5. நிறத்தைக் கட்டுதல்

மொத்த வேலையின் உயிர்நாடி இங்கேதான். நிறம் பிடிமானம் பெறாமல் தூரிகையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

கோயில் படங்களில் கனிம நிறம் தடிமனாக ஏறியிருக்கும். அசுரைட் நீலம், மாலகைட் பச்சை, சாதிலிங்கம், ஈயவெள்ளை எல்லாமே அரைத்த தூள்கள். அவற்றைத் தாளோடு பிடித்து வைத்திருப்பது வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலில் இருந்து காய்ச்சிய பசை. அது முதுமையில் வலுவிழக்கும். ஒவ்வொரு முறை சுருட்டும்போதும் நிறம் உட்பக்கமாக நசுங்கி, விரிக்கும்போது பிளக்கிறது. கெட்டியாக ஏறிய நீலமும் பச்சையும் வெள்ளையும்தான் முதலில் உதிரும். மெல்லிய மைக்கோட்டுக்கு அவ்வளவு ஆபத்தில்லை.

பட்டுப் படத்தில் செம்புப் பச்சைகளால் இன்னொரு தொல்லை. பச்சை இருக்கும் இடத்தில் பட்டே பழுப்பேறிப் பொடியும். அங்கே நிறத்தைக் கட்டினால் மட்டும் போதாது, அடியில் பட்டுக்கும் தாங்கல் வேண்டும்.

முதலில் நீர்ச் சோதனை. ஒவ்வொரு நிறத்திலும், ஓரமான இடத்தில், ஊசிமுனை அளவு அயனி நீக்கிய நீர். சில நொடி கழித்து ஒற்றுத்தாளின் சிறு துண்டால் தொட்டு எடுங்கள். நிறம் ஏறினால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எத்தனால் கலந்த நீரில் அதே சோதனை. சிவப்பு முழுவதற்கும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரே படத்தில் பழைய சாதிலிங்கமும், பின்னால் யாரோ பூசிய செயற்கைச் சாயமும் பக்கம் பக்கமாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்த ஊதா, இளஞ்சிவப்புச் சாயங்கள் நீர் பட்டதும் ஓடும். முத்திரைகளையும் தனியாகச் சோதியுங்கள்.

கட்டும் பசை மிக நீர்த்திருக்க வேண்டும். ஃபுனோரி என்ற கடற்பாசியில் இருந்து எடுக்கும் பசை, அல்லது ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையில் இருந்து எடுக்கும் பசை, அரை முதல் ஒரு சதவீதம். முன்னது காய்ந்தால் பளபளப்பே இருக்காது, கனிம நிறங்களுக்கு அதுதான் பொருந்தும். பின்னது வலு கூடியது, எழும்பிய தடிமனான செதிலுக்கு ஏற்றது. இரண்டையும் கலந்து பயன்படுத்துபவர்களும் உண்டு.

செதிலின் விளிம்பில் முதலில் எத்தனால் கலந்த நீர் ஒரு துளி. அது நீர்ப்பரப்பின் இழுவிசையைக் குறைத்து, பின்னால் வரும் பசை செதிலுக்கு அடியில் ஓடும்படி செய்யும். பிறகு நுனித் தூரிகையில் பசை. ஒரு நிமிடம் விட்டு, மெல்லிய ரேயான் தாளை வைத்து விரல் நுனியால் லேசாக அழுத்துங்கள். காய்ந்ததும் உருப்பெருக்கியில் பார்த்து, தேவையானால் மறுபடியும். ஒரே தடவையில் கெட்டிப் பசை போட்டால் நிறம் கறுத்து, சுற்றிலும் நீர்க்கோடு விழும். அந்தக் கோட்டை அப்புறம் எடுக்க முடியாது.

6. மேல் அழுக்கு

நிறம் நின்ற பிறகே தூசி. மென்மயிர்த் தூரிகையால் தூசியை உறிஞ்சியின் வாயை நோக்கித் தள்ளுங்கள், உறிஞ்சி படத்தைத் தொடக் கூடாது. புகைக்கரியை எடுக்கும் ரப்பர்ப் பஞ்சைப் பட்டு ஓரத்திலும் பின்தாளிலும் மட்டும், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

ஜென்வூ படத்தில் புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் அவருடைய கறுப்பு அங்கி. பஞ்சால் ஒற்றினால் பஞ்சு கறுக்கும். 'பாருங்கள், எவ்வளவு அழுக்கு' என்று இன்னும் உற்சாகமாக ஒற்றுவார்கள். பஞ்சில் வந்திருப்பது ஊதுபத்தியின் கரியா, ஓவியரின் மையா? சீன மையே புகைக்கரியை வஜ்ஜிரத்தில் குழைத்துச் செய்ததுதான். இரண்டும் கரி என்பதால் அகச்சிவப்பிலும் எக்ஸ் கதிர்ச் சோதனையிலும் வேறுபாடு தெரியாது. ஆகவே அங்கியில் தளர்ந்த தூசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன்மேல் ஓடும் பொன் கோடுகளும் உதவிக்கு வரும். அவை பொன்தூளைப் பசையில் குழைத்து வரைந்தவை, லேசான உரசலுக்கே போய்விடும். உருப்பெருக்கியில் ஒரு பொன் கோடு மெலிந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும்.

மெழுகுச் சொட்டு இருந்தால் அறை குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில் மேல்பகுதியைக் கத்தி முனையால் செதிலாக எடுக்கலாம். மிச்சத்தைக் கரைப்பானில் கரைக்க வேண்டும்.

வெள்ளை முகம் கறுத்திருந்தால் அது அழுக்கு அல்ல. காற்றில் உள்ள கந்தகம் ஈயவெள்ளையைக் கறுப்பாக்கியிருக்கும். துடைத்துப் பயனில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு அந்தக் கறுப்பை வெள்ளை நிற ஈய சல்பேட்டாக மாற்றும். ஆனால் கறுப்புக்குக் காரணம் அதுதான் என்று சோதனையில் உறுதியான பிறகே, அந்தப் புள்ளியில் மட்டும் வைக்க வேண்டும். ஈயத்தில் இருந்து செய்யும் சிவப்பான ஈயச் செந்தூரம் கறுப்பது வேறு வகை மாற்றம். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பெராக்சைடைத் தடவியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7. பின்தாளைக் கழற்றலாமா என்று தீர்மானித்தல்

இங்கே ஒருநாள் நிறுத்தி யோசியுங்கள். மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, இத்தோடு விட்டுவிடுவது. கட்டு உறுதியாக இருந்து, ஓரங்கள் மட்டும் கொஞ்சம் நைந்திருந்தால் இதுவே போதும். படம் பழையதாகத் தெரியும். பழையதுதானே.

இரண்டாவது, பின்புறத்தில் இருந்து உள்ளூர் வைத்தியம். கிழிசலுக்கு மெல்லிய ஒட்டு. குறுக்கு மடிப்பு விழுந்த இடங்களில், மடிப்பின் நீளத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் அகலத் தாள் பட்டைகள். மடிப்பு முறிவதற்குள் பட்டை போட்டுவிட்டால் அந்த இடம் பல ஆண்டுகள் தாங்கும். என்னிடம் கேட்டால் பத்துக்கு ஏழு படங்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, முழுக் கட்டையும் கழற்றிப் புதிதாகக் கட்டுவது. பசை பெருமளவு விட்டுப்போய்ப் பின்தாள் உப்பி நிற்பது, பூஞ்சணம் பசையைத் தின்றிருப்பது, பழைய தடித்த ஒட்டுகள் ஓவியத்தைச் சுற்றி இழுத்துக் கிழிப்பது, இப்படி ஏதாவது இருந்தால் மட்டும். 'அழுக்காக இருக்கிறது' என்பதற்காக முழுக் கட்டைக் கழற்றக் கூடாது.

பட்டுப் படத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. பட்டின் பின்புறத்திலும் நிறம் பூசியிருப்பார்கள், முகத்துக்கும் அங்கிக்கும் முன்புறம் ஒளி கூடித் தெரிவதற்காக. அந்தப் பின்நிறம் உயிர்த்தாளில் ஒட்டியிருக்கும். உயிர்த்தாளை உரித்தால் முகத்தின் பாதி வெண்மை தாளோடு வந்துவிடும். நிறம் இருக்கிறதா என்று பிரிந்த மூலை ஒன்றில் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

8. கழுவி, உரித்து, ஒட்டிப் புதிதாகக் கட்டுதல்

மூன்றாவது வழியைத் தேர்ந்தால் வரிசை இது: கழுவுதல், உரித்தல், ஒட்டுதல், நிறம் சமன் செய்தல், கட்டுதல், உலர்த்தல்.

கழுவுவது என்றால் ஊறப்போடுவது அல்ல. சீனப் பட்டறைகளில் வெந்நீர் ஊற்றிக் கழுவிய காலம் உண்டு. தடித்த கனிம நிறத்துக்கு அது ஒத்துவராது. கம்பையும் உருளையையும் பட்டு ஓரத்தையும் கழற்றிய பிறகு, ஒற்றுத்தாள் மேல் படத்தை வைத்து, ரேயான் தாளால் மூடி, அயனி நீக்கிய நீரைப் பனிபோலத் தெளித்தால் மஞ்சள் நீர் கீழே இறங்கி ஒற்றுத்தாளில் ஏறும். ஒற்றுத்தாளை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நீர் முழுக்கத் தெளியும் வரை போக வேண்டியதில்லை, வயதின் இளமஞ்சள் இருக்கட்டும். வெளுப்பு மருந்து எதுவும் சேர்க்க விடாதீர்கள்.

உரிக்கும்போது படத்தின் முகத்தில் பாதுகாப்புத் தாள் ஒட்டி, குப்புறப் போடுவார்கள். வெளிப் பின்தாள் பெரும்பாலும் பாளமாக வந்துவிடும். உயிர்த்தாள் அப்படி வராது. ஈரமாக வைத்துக்கொண்டு, விரல் நுனியால் இழை இழையாக உருட்டி எடுக்க வேண்டும். ஒரு உள்ளங்கை அளவுக்கு அரைநாள் ஆனாலும் வல்லுநரை அவசரப்படுத்தாதீர்கள். நடுவில் காய விட்டால் விரிந்த பகுதியும் சுருங்கிய பகுதியும் ஒன்றையொன்று இழுக்கும். அதனால் தொடங்கினால் முடியும் வரை ஈரம் குறையக் கூடாது. இரவில் மெல்லிய பாலித்தீன் போர்வை.

ஓட்டைகளுக்கு வைக்கும் தாள், ஓவியத் தாளைவிடக் கொஞ்சம் மெல்லியதாக, இழை ஓட்டம் அதே திசையில் இருக்க வேண்டும். விளிம்பைக் கத்தியால் சீவி மெலிதாக்காமல் ஒட்டினால், அடுத்த முறை சுருட்டும்போது அந்த விளிம்பிலேயே புது மடிப்பு விழும். காகிதப் படத்துக்கு சுவான் காகிதம் போதும். அன்ஹுய் மாநிலத்தின் ஜிங் மாவட்டத்தில், நீலச் சந்தனம் எனப்படும் மரத்தின் பட்டையும் நெல் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. நல்ல பட்டறைகள் அந்தத் தாளைச் சில ஆண்டுகள் வைத்திருந்தே பயன்படுத்தும்.

பசை, பசைப்புரதம் கழுவிப் போன கோதுமை ஸ்டார்ச். ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு நீர் சேர்த்து, கைவிடாமல் கிளறி அரைமணிக்கு மேல் காய்ச்சி, ஆறிய பிறகு சல்லடையில் இரண்டு மூன்று தடவை தேய்த்து, பால் பதத்துக்கு நீர்க்க விடுவார்கள். பதம் கெட்டியாக இருப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. வலுவான பசை வலுவான சுருளைத் தராது, விறைத்த சுருளைத்தான் தரும். பூச்சி வராது என்று சொல்லிப் படிகாரம் சேர்க்கும் பழைய பழக்கம் தாளை அமிலமாக்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். மரவேலைக்கு விற்கும் வெள்ளைப் பசையை இந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள். அடுத்த தலைமுறையால் அதை நீரில் கழற்ற முடியாது.

நிறம் சமன் செய்வது ஒட்டின் மேல் மட்டும், சுற்றுப்புறத்தைவிட ஒரு படி இளசாக. இழந்த மூக்கையோ பாம்பின் தலையையோ புதிதாக வரைவதா என்ற கேள்விக்கு 1ஆம் படியில் வாங்கிய பதில்தான் வழிகாட்டி. அருங்காட்சியகங்கள் பொதுவாக வரைவதில்லை. கோயில்கள் பெரும்பாலும் வரையச் சொல்லும், முகம் குறைந்த தெய்வத்தை வணங்க முடியாது என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வரைந்தால், எது புதிது என்று படத்தோடு பதிவு செய்துவிடுங்கள்.

பின்தாள் ஏறிய பிறகு, ஓரத்தில் மட்டும் பசை தடவி உலர்த்தும் பலகையில் இறுக்கமாக ஒட்டுவார்கள். முதலில் முகம் வெளிப்புறமாக, பிறகு உட்புறமாகத் திருப்பி. வாரக்கணக்கில், முடிந்தால் ஈரப் பருவமும் வறண்ட பருவமும் கடந்து. அவசரமாக இறக்கிய சுருள் காட்சிப் பெட்டியில் ஓரம் வளைந்து நிற்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். கழற்றிய பழைய பட்டு, குமிழ், பெயர்ச் சீட்டு எதையும் எறிய விடாதீர்கள். குமிழைத் திரும்பப் பொருத்தலாம், மற்றவற்றை உறையில் போட்டு எண்ணிட்டு வையுங்கள்.

9. காட்சிப் பெட்டி

பெட்டி தயாராகி, கதவு திறந்தபடி வாரக்கணக்கில் காற்றாடிய பிறகே படம் உள்ளே போக வேண்டும். புதிய எம்.டி.எஃப். பலகையும் பிளைவுட்டும் அமில ஆவி விடும். கம்பளித் துணி கந்தகம் விடும். 6ஆம் படியில் பார்த்த கறுத்த முகம் நினைவிருக்கும். பின்புறத் துணிக்குத் துவைத்த, சாயமேற்றாத பருத்தி போதும். பெட்டிக்குள் போகும் பொருள்களுக்கு ஆடி சோதனை செய்து தரச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1973இல் ஆண்ட்ரூ ஆடி கொண்டுவந்த முறை இது. பொருளோடு செம்பு, வெள்ளி, ஈயத் துண்டுகளை மூடிய குப்பியில் 60 டிகிரியில் 28 நாள் வைத்து, உலோகம் கெடுகிறதா என்று பார்ப்பார்கள்.

50 முதல் 55 சதவீத ஈரப்பதத்துக்குப் பதப்படுத்திய சிலிக்கா ஜெல்லைப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். ஈரமானியைப் பார்வையாளர் கண்ணில் படாமல், ஊழியர் கண்ணில் படும்படி வையுங்கள்.

உயரத்தை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். ஓவியத்தின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டி செய்வார்கள். மேல், கீழ்ப் பட்டு ஓரமும் கயிறும் சேர்ந்தால் சுருள் கிட்டத்தட்ட இருமடங்கு ஆகிவிடும்.

10. எந்தப் பக்கம், எவ்வளவு ஒளி

தனிப் படம் என்றால் கேள்வியில்லை. தொகுதி என்றால் இடம் முக்கியம். தாவோ சமயத்தின் உச்ச தெய்வங்களான மூன்று தூயோர் என்றால் யுவான்ஷி தியன்சுன் நடுவில். விசிறி வைத்திருக்கும் தாவோதே தியன்சுன் அவருடைய வலக்கைப் பக்கம், அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கம். ரூயி எனப்படும் மங்கலக் கோலை ஏந்திய லிங்பாவோ தியன்சுன் மறுபக்கம். பரிவார தெய்வங்கள் பாதி திரும்பி நிற்பார்கள், அவர்கள் பார்வை நடுவை நோக்கியே இருக்க வேண்டும். மாற்றித் தொங்கவிட்டால் எல்லாரும் முதன்மைத் தெய்வத்துக்கு முதுகு காட்டி வெளியேறுவதுபோல இருக்கும். பின்புறத்தில் எழுதிய எண்ணை 4ஆம் படியில் படமெடுத்திருந்தால் இப்போது ஊகிக்க வேண்டியதில்லை.

ஒளி 50 லக்ஸ் (லக்ஸ், ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு). இதைச் சொன்னதும் வடிவமைப்பாளர் முகம் சுருங்கும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒளியால் எளிதில் கெடும் பொருளுக்கு, சி.ஐ.இ. எனப்படும் சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் பரிந்துரை ஆண்டுக்கு 15,000 லக்ஸ் மணி, அதாவது லக்ஸை மணிக்கணக்கால் பெருக்கிய அளவு. 50 லக்ஸில் தினம் 8 மணி, 90 நாள் என்றால் 36,000. அதாவது மூன்றே மாதத்தில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுப் பங்கு முடிந்துவிட்டது. 200 லக்ஸ் வைத்தால் அதே மூன்று மாதத்தில் ஏறத்தாழ பத்தாண்டுப் பங்கு. அவுரி நீலமும் காம்போஜ் மஞ்சளும் வெளிறும், சாதிலிங்கம் கறுக்கும். எதுவும் திரும்பி வராது.

மங்கிய ஒளியிலும் படம் நன்றாகத் தெரிய வழி உண்டு. அதற்கு முந்தைய கூடத்தை மங்கலாக்கி, பார்வையாளரின் கண்ணைப் பழக்கிவிடுங்கள். சுற்றுச் சுவர் வெளிர் நிறமாக இருந்தால் படம் இருண்டு தெரியும், அடர் சாம்பலாக இருந்தால் அதே 50 லக்ஸில் பொன் கோடுகள் எழும்பி வரும். புற ஊதா இல்லாத எல்.இ.டி.யை மேலிருந்து சாய்வாகப் போடுங்கள். சாய்வு மிகக் கூடினால் ஒவ்வொரு மடிப்பும் நிழல் விழுந்து தெரியும்.

11. தொங்கவிடுதல்

ஒருவர் ஏணியில், ஒருவர் கீழே. கீழே நிற்பவர் சுருட்டிய சுருளை இரு கையிலும் ஏந்தி நிற்க, மேலே இருப்பவர் கயிற்றைக் கொக்கியில் மாட்டட்டும். கயிறு பழையதென்றால் அதை நம்பாதீர்கள். புதுக் கயிறு கட்டி, பழையதைப் பார்வைக்கு மட்டும் விடுங்கள். பிறகு கீழே இருப்பவர் உருளையின் இரு முனைகளையும் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். நடுவில் விட்டால் உருளையின் எடை மொத்தமும் மேல்கம்பை இழுக்கும். பட்டு அங்கேதான் கிழியும்.

உருளை அந்தரத்தில் தொங்குவது நலிந்த பட்டுக்கு நல்லதல்ல. அடியில் துணி சுற்றிய இரண்டு சிறு தாங்கிகளில் அது லேசாக அமரட்டும். எடை பாதி தாங்கியில், பாதி கயிற்றில். முழுதும் தாங்கியில் அமர்ந்தால் படம் தொய்ந்து நடுவில் அலை விழும். மாட்டிய பின் ஒருநாள் கழித்து மறுபடி பாருங்கள். புதுக் காற்றுக்குப் பழகிச் சுருள் சில மில்லிமீட்டர் நீண்டோ குறுகியோ இருக்கும், தாங்கியைத் திருத்த வேண்டிவரும்.

12. இறக்கிச் சுருட்டி வைத்தல்

மழைநாளிலோ கூட்டம் நிறைந்த மாலையிலோ இறக்காதீர்கள். அன்று தாள் உறிஞ்சிய ஈரத்தைச் சுருளுக்குள்ளேயே பூட்டி வைப்பதாகிவிடும்.

முதலில் மென்தூரிகையால் முன்புறம் தூசி. பிறகு தொங்கும்போதே உருளையைக் கீழிருந்து மேலாகச் சுருட்டிக்கொண்டு போய், மேலே ஒரு முழம் மிச்சமிருக்கும்போது கொக்கியில் இருந்து எடுத்து, மேசையில் முடியுங்கள். ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று நேராக வரவில்லை என்றால், சுருளை நிமிர்த்தித் தட்டிச் சரிசெய்யாதீர்கள். பிரித்து மறுபடி சுருட்டுங்கள். கயிற்றை இழுத்து இறுக்குவதும் அதே தவறுதான். இறுக்கும்போது உள்ளே ஒரு சுற்று மற்றதன்மேல் வழுக்கி நிறத்தைத் தேய்க்கும்.

தடித்த நிறமுள்ள படத்துக்கு உருளையின் மேல் கவ்வும் அகலமான மர உறை செய்துகொள்வது நல்ல செலவு. இரண்டு பாதியாக, பௌலோனியா மரத்தில், 8 முதல் 10 சென்டிமீட்டர் விட்டத்தில் செய்யலாம். சுற்று அகலமானால் நிறத்தின் மேல் வளைவின் அழுத்தம் குறையும். கட்டும் நாடாவுக்கு அடியில் ஒரு தாள் பட்டை வையுங்கள், நாடாவின் தடம் பட்டில் பதியாது. மெல்லிய பட்டுத் துணியோ அமிலமில்லாத தாளோ சுற்றி மரப்பெட்டியில் இடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பெட்டிக்குள் அடுக்க வேண்டாம்.

பெட்டியின் வெளிப்பக்கத்தில், திறக்காமலே படிக்கும்படி ஒரு சீட்டு: தெய்வத்தின் பெயர், சிறு புகைப்படம், சேதக் குறிப்பு, கடைசியாகத் தொங்கிய தேதிகள், அப்போது சேர்ந்த லக்ஸ் மணி, அடுத்து எந்த ஆண்டுக்கு முன் வெளியே எடுக்கக் கூடாது என்ற வரி. அந்தக் கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அடுத்த கண்காட்சிக்குப் படம் கேட்டு வருபவர் முதலில் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான்.